கருப்பொருளுக்கு முன்னே மாதிரித் துண்டு
இறுதியாண்டுப் புடைவைச் செயற்றிட்டம் பற்றி மாணவர்களுக்கு ஆற்றிய உரை

வணக்கம்.

உங்களில் சிலர் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் படிக்கிறீர்கள், சிலர் மட்டக்களப்பில். வீடு மட்டும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வன்னிக்குள்ளேதான். விடுமுறைக்கு வந்து இறுதியாண்டு வேலையைக் கிணற்றடியிலும் விறாந்தையிலும் வைத்துத்தான் செய்யப்போகிறீர்கள். அதனால் அந்தக் கிணற்றடியை மனதில் வைத்தே பேசுகிறேன்.

பலர் முதலில் கருப்பொருளை எழுதிக்கொண்டு வருகிறார்கள். போர், இழப்பு, நினைவு, பெண், இயற்கை. இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அந்தச் சொற்களை எடுப்பதற்கு முழு உரிமையும் உண்டு. ஆனால் சொல்லை முடிவுசெய்துவிட்டுத் துணியைத் தேடப் போகிறவர் கடைசியில் கன்வசில் வரைய வேண்டிய படத்தைத் துணியில் வரைந்துகொண்டு வருகிறார். அங்கே துணிக்கு வேலையே இல்லை. புடைவைச் செயற்றிட்டம் என்றால், துணி செய்கிற காரியத்தை வேறு எதுவும் செய்ய முடியாது என்று பார்க்கிறவருக்குப் படவேண்டும்.

பிள்ளையை உறங்கவைக்கிற ஏணையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பருத்திச் சீலையில் கட்டிய ஏணையை அவிழ்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கூரை வளையில் உரசிய இடம் ஒரு பட்டையாக மெலிந்திருக்கும். பிள்ளையின் பாரம் விழுந்த இடத்தில் நூல்கள் விலகி நெசவு சல்லடையாகியிருக்கும். முடிச்சுக்குள் மறைந்திருந்த பகுதியில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கும். இந்த மூன்றையும் வரைந்து, ஒவ்வொன்றையும் துணியில் எப்படித் திரும்ப உண்டாக்கலாம் என்று செய்து பாருங்கள். நூல் உருவி எடுப்பது, மெலிந்த இடத்தில் ஓட்டுத்தையல் போட்டுப் பலப்படுத்துவது, இறுகக் கட்டிச் சாயத்தை மறிப்பது. தாய்மை என்று எழுதாமலே அது வேலைக்குள் வந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். இறந்துபோனவரின், காணாமல் ஆக்கப்பட்டவரின் உடுப்பை ஒரு குடும்பம் உங்களை நம்பி எடுத்துக் காட்டினால், அதை வெட்டவோ தோய்க்கவோ ஊசி ஏற்றவோ கூடாது. “எடுங்கோ பிள்ளை” என்று அவர்களே தந்தாலும் வேண்டாம். அளவெடுத்து, படமெடுத்து, வேறு துணியில் அதேபோலச் செய்து, கொண்டுபோனதை மடிப்புக்கூடக் குலையாமல் திருப்பிக் கொடுங்கள்.

இனி மாதிரித் துண்டு, அதாவது இறுதிப் படைப்புக்கு முன் செய்து பார்க்கிற சின்னத் துணித்துண்டு. செயற்றிட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பரீட்சகர் இறுதிப் படைப்பைத் தூரத்தில் நின்று பார்ப்பார்; மாதிரிக் கொப்பியைத்தான் உட்கார்ந்து புரட்டுவார். எந்தப் பாதையால் வந்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்பது அங்கேதான் தெரியும்.

இயற்கைச் சாயத்தை வைத்துச் சொல்கிறேன், இப்போது அதைத்தான் அதிகம் பேர் எடுக்கிறீர்கள். எல்லா அளவும் உலர்ந்த துணியின் நிறையிலிருந்து தொடங்குகிறது. சதுர மீற்றருக்கு 140 கிராம் நிறையுள்ள பருத்தித் துணி, 115 சென்ரிமீற்றர் அகலத்தில் 5 மீற்றர் என்றால், 805 கிராம். இதற்குச் சலவைச் சோடா துணியின் நிறையில் நூற்றுக்கு 4 வீதம், ஏறத்தாழ 32 கிராம், கொஞ்சம் சவர்க்காரம் சேர்த்து ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கள். புத்தம்புது வெள்ளைத் துணியிலிருந்தும் தேநீர் நிறத்தில் தண்ணீர் இறங்கும். அது பருத்தியின் மெழுகும், நெசவில் போட்ட கஞ்சிப் பசையும். அலசிக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்தாக நின்றால் திரும்ப அவியுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களின் துணியில்தான் சாயம் திட்டுத் திட்டாக நிற்கிறது. குற்றம் சாயத்தின் மேல் விழுகிறது.

அடுத்தது கடுக்காய்த்தூள் 20 வீதம், 160 கிராம். இரவு முழுக்க ஊறட்டும். பிழிந்து காயவைத்த பிறகு சீனாக்காரம், அதாவது படிகாரம், இன்னொரு 20 வீதம். இரண்டும் மருந்துச் சரக்குக் கடையில் கிடைக்கும். பருத்தி தானாகச் சீனாக்காரத்தை நன்றாகப் பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்புத்தான் அதைப் பிடித்து வைத்திருக்கும். கறுப்பும் சாம்பலும் வேண்டுமென்றால் கடுக்காய் ஏறிய துணியை அன்னபேதி என்கிற இரும்பு உப்பின் கரைசலில் தோயுங்கள். 2 வீதம், 16 கிராம், போதும். கறுப்பு ஆழமாக வரட்டும் என்று அள்ளிப் போட்டால் இரும்பு பருத்தி நாரையே தின்னும். அன்று வடிவாகத்தான் இருக்கும். நாட்போக்கில் மடிப்பில் கிழியத் தொடங்கும்.

மாதிரித் துண்டில் ஒரு சிக்கல் வரும். 10 சென்ரிமீற்றர் சதுரத் துண்டின் நிறை 1.4 கிராம். அதில் 20 வீதம் 0.28 கிராம். வீட்டுத் தராசு இதைக் காட்டாது. ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து நல்ல நிறம் வந்தால், அந்தச் சிட்டிகையை 805 கிராம் துணிக்கு எப்படிப் பெருக்குவீர்கள்? வழி இருக்கிறது. 10 கிராம் சீனாக்காரத்தை வெந்நீரில் கரைத்து, ஆறியபின் மொத்தம் ஒரு லீற்றர் வரும்வரை தண்ணீர் சேர்த்துப் போத்தலில் வையுங்கள். அதில் 28 மில்லிலீற்றர் எடுத்தால் 0.28 கிராம் உங்கள் கையில். ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்கலாம். அன்னபேதிக்கும் இதே முறைதான், ஆனால் அதை அன்றன்றே கரையுங்கள்; வைத்திருந்தால் துருவாக அடியில் படியும்.

தண்ணீரையும் சோதிக்க வேண்டும். வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சில குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இரும்பும் உண்டு. ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, வடித்த கடுக்காய்ச் சாறு ஒரு கரண்டி விடுங்கள். சாம்பலாகவோ கருநீலமாகவோ மாறினால் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் எந்த மஞ்சளும் சிவப்பும் அழுக்காகத்தான் வரும். அப்படியானால் மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். ஒரே சாயத்தைக் கிணற்றுத் தண்ணீர், குளத்துத் தண்ணீர், மழைத் தண்ணீர் மூன்றிலும் போட்டு மூன்று துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து வைத்தால், அதுவே ஒரு முழு அத்தியாயத்துக்கான பொருள்.

நிறங்களில், மஞ்சள் கிழங்கின் சாயத்தை நம்ப வேண்டாம். கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏறும். வெயிலில் வெளுத்துவிடும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். எந்தச் சாயமானாலும் துண்டின் பாதியை மட்டையால் மூடி இரண்டு கிழமை வெயில்படும் யன்னலில் வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். மஞ்சவண்ணா வேர்ப்பட்டை சீனாக்காரத்தோடு நல்ல சிவப்புத் தரும். மரத்தைச் சாய்க்காமல் பக்கவேரில் கொஞ்சம் மட்டும் எடுங்கள். சாயவேர் என்கிற இம்பூறல் இந்த மண்ணுக்கு நெருங்கிய செடி. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அதன் வேரைத் தோண்டி எடுத்தார்கள். அந்தச் சிவப்புக்குச் சந்தை இருந்தது. அதே சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை 1868இல் ஜெர்மனியில் கிறேபேயும் லீபெர்மானும் ஆய்வுகூடத்தில் செய்துகாட்டிய பிறகு வேர்ச்சாயத் தொழில் சரிந்தது. மணற்பாங்கான நிலத்தில் படர்கிற அந்தச் சின்னச் செடியை அடையாளம் கண்டு, வரைந்து, கையளவு வேரில் ஒரு மாதிரி போட்டாலே போதும். ஒரு முழுச் சீலைக்கு அதைத் தோண்டுவது சரியில்லை.

செம்மண்ணைக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு சொல். செம்மண் சாயம் இல்லை, நிறத்தூள். நாருக்குள் போகாது, மேலே ஒட்டத்தான் வேண்டும். மண்ணைத் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேலே கலங்கி நிற்பதை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். மணல் அடியில் நின்றுவிடும். ஊற்றியதைப் படியவிட்டு எடுத்த சேற்றைச் சோயாப் பாலில் குழைத்துப் பூசிச் சில கிழமை ஆறவிட்டுப் பிறகே கழுவலாம். தூரிகையால் கோடு இழுக்கிறவர்கள், கடுக்காயோடு எருமைப்பால் சேர்த்துத் துணியைத் தோய்த்துக் காயவைக்கிற கலம்காரி முறையைச் செய்து பாருங்கள். பாலின் கொழுப்பு மை நூல்வழியே ஊறிப் பரவுவதைத் தடுக்கும்.

இறுதிப் படைப்பின் அளவை உங்கள் பானை தீர்மானிக்கட்டும். ஒரு கிலோ துணிக்கு 20 லீற்றர் தண்ணீர் என்றால் 805 கிராமுக்கு 16 லீற்றர். துணி புரள இடம் வேண்டும், ஆகவே 25 லீற்றருக்குக் குறையாத பாத்திரம். சோற்றுப் பானையில் திணித்தால் மடிப்பு மடிப்பாக வரி விழும். பெரிய பாத்திரம் இல்லையென்றால் படைப்பைத் துண்டங்களாகத் திட்டமிடுங்கள். ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் மாறும். அதை ஒளிக்கப் பார்க்காமல், இருண்டதிலிருந்து வெளிறியதற்குப் போகிற ஒழுங்காக ஆக்கிவிடலாம். சாயப் பாத்திரம் எதுவும் திரும்ப அடுப்படிக்குப் போகக் கூடாது.

தறப்பாளை, அதாவது பொலித்தீன் கூரை விரிப்பை, பயன்படுத்த விரும்புகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். நல்ல தெரிவு, போரில் இடம்பெயர்ந்து அதன் கீழ் வாழ்ந்த இந்த மண்ணில் அந்தப் பொருளுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அது பருத்தியைப் போல நடக்காது. ஊசி குத்திய ஓட்டை மூடாது. ஆகவே குண்டூசி வேண்டாம், உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கள். தையல் நீளம் 4 மில்லிமீற்றர். நெருக்கித் தைத்தால் தபால் முத்திரையைப் போலத் தையல்வழியே கிழிந்துவிடும். மெசினின் பாதம் ஒட்டி இழுத்தால் மேலே மெல்லிய தாள் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்தெடுங்கள். ஸ்திரிக்கைப் பெட்டியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பொலித்தீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், பருத்திக்கான சூடு அதைவிட மிக அதிகம். உரப்பையும் இப்படித்தான், இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், அவ்வளவே. வெயிலில் கிடந்த பழைய தறப்பாளை மடித்துப் பார்த்துச் செதில் உதிர்ந்தால், பின்னால் பருத்தித் துணி கொடுத்துத் தையுங்கள். அந்தப் பருத்தி முன்கூட்டியே தோய்த்துச் சுருங்கியதாக இருக்கட்டும்.

மெழுகால் மறித்துச் சாயமிடுகிற பத்திக் பற்றிச் சுருக்கமாக. மெழுகு துணிக்குள் இறங்கினால் அந்த இடம் எண்ணெய் பட்டதுபோலத் தெளியும்; வெள்ளையாக மேலே நின்றால் சூடு போதாது, சாயம் அடியால் புகும். புகை வந்தால் சூடு மீறிவிட்டது. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள். சித்திரை வெயிலில் மெழுகிட்ட துணியை வெளியே காயவிட வேண்டாம், கோடு இளகிவிடும்.

காலத்தை மாரியை வைத்துக் கணக்கிடுங்கள். ஐப்பசி தொடங்கினால் துணி காயாது. பாதி காய்ந்து பாதி ஈரமாகக் கிடக்கிற துணியில் விளிம்பு விளிம்பாகக் கறை படியும், பூஞ்சணம் பிடித்தால் அந்தக் கறுப்புப் புள்ளி போகவே போகாது. சாய வேலை புரட்டாதிக்குள் முடியட்டும். மாரி முழுக்கத் தையலுக்கும் எழுத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரிகளைக் கொப்பியில் தைத்து வையுங்கள், பசை வேண்டாம், பசை மஞ்சளாகிச் சாயத்தையும் மாற்றும். ஒவ்வொன்றின் கீழும் திகதி, துணியின் நிறை, பொருள்களின் வீதம், தண்ணீர் எங்கே எடுத்தது, எவ்வளவு நேரம் கிடந்தது என்று அன்றைக்கே எழுதுங்கள். பிழைத்தவற்றை எறியாதீர்கள், ஏன் பிழைத்தது என்ற ஒரு வரியோடு அவையும் இருக்கட்டும். பன்பாய், பனையோலைப் பெட்டி இழைக்கிற அம்மாமாரிடம் கோலம் கற்றால், அவர்களின் நேரத்துக்குக் காசு கொடுத்து, அனுமதி கேட்டு, அவர்கள் விரும்பினால் பெயரையும் ஆய்வேட்டில் போடுங்கள்.

தொங்கவிடும் படைப்புக்கு மேலே 10 சென்ரிமீற்றர் உறை தைத்து அலுமினியக் குழாய் செருகுங்கள். தடி வளைந்தால் துணியின் நடு தொய்யும். கீழ் விளிம்பை மடித்துத் தைக்குமுன் இரண்டு நாள் தொங்கவிட்டு வையுங்கள், பாரத்தில் இறங்குவது இறங்கி முடியட்டும். இரவில் சீமெந்து நிலத்தில் வைக்க வேண்டாம், கறையான் கேட்டுக்கொண்டு வராது. பஸ்ஸில் கொண்டுபோகும்போது மடிக்காதீர்கள். 4 அங்குலப் பீவீசி குழாயில், தையல் வெளிப்பக்கம் இருக்க, வெள்ளைத் துணியொன்றை இடையில் விட்டுச் சுருட்டி, அதற்கு மேலேதான் பொலித்தீன்.