எஸ்எஸ்டி வாங்கும் முன் உங்கள் ஹார்டு டிஸ்க்கைப் பரிசோதியுங்கள்

[காட்சி: பழைய லேப்டாப் ஒன்று. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம்.]

வணக்கம். சின்ன ஃபைல் ஒன்றைத் திறந்தால்கூடத் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. கடைக்கு எடுத்துப் போனால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி, அதாவது சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க், மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் அது நல்ல யோசனைதான். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் இயல்பிலேயே மெதுவானதா, அல்லது பழுதாகிக்கொண்டிருக்கிறதா? மெதுவானது என்றால் அடுத்த மாதச் சம்பளம் வரை காத்திருக்கலாம். பழுதாகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. உங்கள் குழந்தையின் படங்கள் அதில்தான் இருக்கின்றன.

முதலில் மெதுவாக இருப்பதற்கான காரணம். லேப்டாப் ஹார்டு டிஸ்க்குகளின் உள்ளே தரவைத் தாங்கும் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுகள் சுழலும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி செகண்ட் ஆகும். படிக்கும் முனை தட்டின் மேல் உரிய இடத்துக்கு நகர இன்னும் சில மில்லி செகண்ட். ஆகவே ஒரு நொடிக்குள் நூறு வெவ்வேறு இடங்களிலிருந்து தரவை எடுப்பதே அதற்குப் பெரும்பாடு. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. பழைய லேப்டாப் புதிதுபோல ஓடத் தொடங்குவது இதனால்தான்.

[காட்சி: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளின் திரை.]

இப்போது பரிசோதனை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். இந்த இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். மேலே பச்சையாகவோ நீலமாகவோ தெரியும் கட்டத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே பட்டியலில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளைத் தேடுங்கள். அவற்றின் மூல மதிப்புகள்தான் (Raw Values) நமக்கு வேண்டும். அவை எழுத்துகளும் கலந்த பதினாறடிமான எண்களாகத் தெரியும்; அமைப்பில் நாம் வழக்கமாக எழுதும் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

05 என்பது, கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6, சரிசெய்யவே முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. 05-இல் ஒரு சிறிய எண் பல மாதங்களாக மாறாமல் நின்றால் உடனே பதற வேண்டாம். சென்ற வாரம் 8, இந்த வாரம் 40 என்று ஏறினால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது.

சி7 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு பயணிக்கும்போது நேர்ந்த பிழைகளை அது எண்ணுகிறது. தட்டில் குறை இல்லை. பெரும்பாலும் கேபிளிலோ இணைப்பிலோதான் குறை. பல லேப்டாப்களில் காகிதம்போல மெல்லிய கேபிள் ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. அது தளர்ந்தாலோ மடிந்தாலோ கணினி உறைந்து நிற்கும், டிஸ்க் திடீரென்று காணாமல் போகும். இதைக் கவனிக்காமல் புது எஸ்எஸ்டி போட்டால் அதே கோளாறு அதிலும் தொடரும். நல்ல டிஸ்க் குப்பைக்குப் போகும். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. சி7-இன் எண் ஒருபோதும் குறையாது. கேபிளைச் சரியாகப் பொருத்திய பிறகு மேலும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சி5-உம் சி6-உம் ஏறிக்கொண்டிருந்தால் முதல் வேலை நகலெடுப்பது. விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிச் சரிசெய்யலாம் என்று பலர் சொல்வார்கள். தயவுசெய்து நகலெடுக்கும் முன் அதைச் செய்யாதீர்கள். கெட்ட பகுதிகளைத் தேடச் சொன்னால் தட்டு முழுவதையும் அது படிக்கும். தள்ளாடும் டிஸ்க் அதிலேயே படுத்துவிடலாம். டிக், டிக் என்று சீரான சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். உள்ளிருப்பவை விலைமதிப்பற்றவை என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் போங்கள். வீட்டில் டிஸ்க்கின் மூடியைத் திறந்தால் ஒரு தூசு போதும், எல்லாம் போய்விடும்.

[காட்சி: 2.5 அங்குல எஸ்எஸ்டியும் இரண்டு எம்.2 அட்டைகளும்.]

மாற்றுவது என்று முடிவான பின், உங்கள் லேப்டாப்பில் எது பொருந்தும் என்று மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். பழைய டிஸ்க் இருந்த இடத்தில், சாட்டா என்ற அதே இணைப்பு வகையில் 2.5 அங்குல எஸ்எஸ்டி அமரும். அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 இடம் இருந்தால் கவனம் தேவை: சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்ற இரு வகைகளும் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். அட்டையின் அளவு 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். வேகத்தில் சாட்டா நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டோடு நின்றுவிடும். என்விஎம்இ அதைப் பல மடங்கு தாண்டும். ஆனால் கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் உள்ள பழைய லேப்டாப்பில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பேன்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளவற்றைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி, இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு முழுமையாக அணைத்து, சார்ஜரை எடுத்து, பின்மூடி கழன்றதும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரியுங்கள். எந்தத் திருகு எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் வரைந்து அடுக்குங்கள். குட்டையான துளையில் நீளமான திருகை முறுக்கினால் மேல்புறம் துளைத்துக்கொண்டு வரும்.

விண்டோஸ் ஏற்றிய புது டிஸ்க்கைப் பொருத்திய பின் கணினி தொடங்கவில்லையா? விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸில் புது டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். தெரிந்தும் தொடங்காவிட்டால் கணினி தொடங்கும் முறையைக் குறிக்கும் யூஇஎஃப்ஐ, லெகசி என்ற அமைப்பு அங்கே மாறியிருக்கலாம்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். விட்டுப்போன ஃபோல்டர் ஏதாவது அதற்குள் நினைவுக்கு வரும். பிறகு யாருக்காவது கொடுப்பதானால், விண்டோஸில் ஃபார்மேட் செய்யும்போது குவிக் என்ற குறியை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் முழுத் தட்டிலும் பூஜ்யம் எழுதப்படும். ஒரு டெராபைட் டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகலாம். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.