தூங்கா நகரத்தில் தூக்கத்தைப் பற்றி

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினாலும் சூடாக ஏதாவது சாப்பிடக் கிடைக்கும் என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை. எனக்கும் உண்டு. ஆனால் இதே ஊரில் இரவு ஒன்பதைத் தாண்டியதும் ஒரு பல்லக்கு கிளம்புகிறது. சுந்தரேசுவரரின் திருப்பாதங்களை அதில் வைத்து, மேளதாளத்தோடு அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். பால் நைவேத்தியம், பாட்டு, தீபாராதனை, அப்புறம் நடை சாத்தல். ஊர்தான் தூங்காது. ஊரை ஆள்கிறவர்கள் நேரத்துக்குப் படுத்துவிடுகிறார்கள்.

பள்ளி என்றாலே படுக்கை என்று ஒரு பொருள் உண்டு. சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருந்த குகைகளைப் பள்ளி என்றார்கள், அங்கே பாடம் நடந்ததால்தான் பள்ளிக்கூடம் வந்தது என்பார்கள். முப்பத்தொரு வருஷம் உயிரியல் நடத்தியவன் சொல்கிறேன், முதல் பீரியடில் பாதி வகுப்பு அந்தப் பழைய பொருளைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது.

பையன்களை மட்டும் சொல்வானேன்? நானே பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிற ஆள். நாளையிலிருந்து பத்து மணிக்குப் படுப்பது என்று எத்தனையோ தடவை முடிவெடுத்திருக்கிறேன். பத்துக்குப் போய்ப் படுப்பேன். கூடத்தில் சீரியல் ஓடும். பத்தரைக்கு மகன் வேலை முடிந்து வருவான், கேட் சத்தம், தோசைக்கல் சத்தம். பதினொன்றுக்கு மனைவி கடலையை ஊறப்போட மறந்தது ஞாபகம் வந்து டப்பாவை உருட்டுவாள். சரி, தூக்கம்தான் வரவில்லையே என்று நான் போனை எடுப்பேன். மூன்றாம் நாள் முடிவு காற்றோடு போய்விடும். எனக்கு மன உறுதி போதாது என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது வௌவால். சிரிக்காதீர்கள். நம் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் என்று ஒருவர் இருந்தார். உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றி இந்தியாவில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். அவரும் அவருடைய மாணவர்களும் மதுரைப் பக்கத்துக் குகை ஒன்றில் வெளிச்சமே எட்டாத இடத்தில் சில வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கவனித்தார்கள். வெளியே பொழுது சாய்ந்தது அவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் சரியாக அந்த நேரத்துக்குக் கூண்டுக்குள் சிறகடிக்கத் தொடங்கின. காரணம், கூட இருந்த மற்ற வௌவால்கள் சாயங்காலம் வெளியே பறந்துபோய் விடியுமுன் திரும்பி வந்துகொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தின் துணை இல்லாமல் தனியே வைத்த வௌவாலின் கடிகாரம் இருபத்துநாலு மணிக் கணக்கை விட்டு விலகிப்போனது. 1981-லேயே இதை வெளியிட்டுவிட்டார்கள். நான் படித்தது பணி ஓய்வுக்குப் பிறகு.

மனிதனுக்கு முதல் சாவி வெளிச்சம்தான், அதை மறுக்கவில்லை. நம் உள்கடிகாரத்தின் ஒரு நாள் இருபத்துநாலு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். காலை வெளிச்சம் பட்டுத்தான் அது தினமும் சரியாகிறது. ராத்திரி டியூப்லைட்டும் போனும் சேர்ந்து அதைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்பது நமக்குச் சுலபமாக வருவதும், சீக்கிரம் படுப்பது கஷ்டமாக இருப்பதும் இதனால்தான். ஆனால் அந்த டியூப்லைட்டை யார் போடுகிறார்கள்? கூடத்தில் இருப்பவர்கள். வீடும் ஒரு குகைதான். நான் மட்டும் படுக்கப் பார்த்தேன், குகை விழித்திருந்தது.

அதனால் வீட்டில் பேசினேன். முதலில் சண்டைதான் வந்தது, அதை விடுங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு என்று ஆயிற்று. மகனுக்கு ஹாட்பாக்ஸில் எடுத்துவைத்துவிடுவோம். கடலை ஊறப்போடுவது பாத்திரம் கழுவும்போதே முடிந்துவிடும். ஒன்பதரைக்குக் கூடத்து விளக்கு அணையும். சார்ஜர்கள் எல்லாம் டிவி ஸ்டாண்டுக்கு இடம் மாறின. ஒரே நாளில் இல்லை, வாரத்துக்குக் கால் மணி நேரமாக முன்னால் நகர்த்தினோம். என் ஏழு மணி டீயும் போய்விட்டது. காபி, டீயில் இருக்கும் காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழுக்குக் குடித்தால் நள்ளிரவிலும் பாதி உள்ளே இருக்கும்.

நேரம் கழித்துப் படுத்தால் என்ன, தூங்குகிற கொஞ்ச நேரம் நன்றாகத் தூங்கினால் போதாதா என்று கேட்பார்கள். ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே கிடைத்துவிடும், உண்மைதான். கனவு வரும் உறக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம். அலாரம் வெட்டுவது அந்தப் பகுதியை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நான் பல வருஷம் ஐந்தில் ஓட்டினேன். டியூஷன் பிள்ளைகளின் பேப்பர் ஒரு கட்டை ராத்திரி திருத்தினால் இரண்டு மணி நேரம் ஆகும், கூட்டலில் தப்பும் வரும். இப்போது அதே கட்டு காலையில் காபி ஆறுமுன் பாதி முடிந்துவிடுகிறது.

மூன்று மணிக்கு மல்லிகை மூட்டை இறக்குகிறவர்களிடமும், இரவு டூட்டி நர்சுகளிடமும் போய் இந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பகலில் உறங்கும்போது தெருவில் ஸ்பீக்கர் கட்டாமல் இருந்தாலே போதும்.

மணி எட்டேகால். நன்றியுரை சொல்லப்போகும் தம்பி கையில் நாலு பக்கத் தாள் இருப்பதைப் பார்க்கிறேன். தம்பி, எங்கள் வீட்டில் ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். நான் பஸ் பிடிக்க வேண்டும்.