நகைப் பையோடு வந்த அம்மா: 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' பற்றி ஒரு தீராத வாக்குவாதம்

(திரையில்: நகரும் ரயில், பிளாட்பாரத்தில் ஓடும் கால்கள்)

ஒரு அப்பா மகளின் கையை இறுகப் பிடித்திருக்கிறார். ரயில் கிளம்பிவிட்டது. பெட்டியின் வாசலில் நிற்கிற பையனின் முகமெல்லாம் ரத்தம். மகள் கெஞ்சுகிறாள், கையை இழுக்கிறாள், அழுகிறாள். அப்பா அசையவில்லை. அப்புறம் திடீரென்று பிடி தளர்கிறது. "போ சிம்ரன், போ. உன் வாழ்க்கையை நீ வாழ்" என்கிறார். அவள் ஓடுகிறாள்.

வணக்கம். படத்தையே பார்க்காதவர்களுக்குக்கூட இந்தக் காட்சி தெரிந்திருக்கும். 1995 அக்டோபர் 20, தீபாவளியை ஒட்டி வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' படத்தின் கடைசிக் காட்சி இது. எல்லோரும் டி.டி.எல்.ஜே. என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கதைப்படி அந்த ஸ்டேஷன் பஞ்சாபில் இருக்கிறது. படம் எடுத்த இடம் மகாராஷ்டிராவில் பன்வேல் பக்கத்தில் இருக்கிற ஆப்டா என்ற சின்ன ரயில் நிலையம். 2013-இல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் ஷாருக் கான் ரயில் வாசலில் நின்று தீபிகாவுக்குக் கை கொடுத்து ஏற்றுவார், பின்னாலேயே அவளைத் துரத்தி வந்த ஆட்களையும் ஒவ்வொருவராக ஏற்றிவிடுவார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு இந்த ஆப்டா காட்சிதான் மூலம்.

இந்தப் படத்தைப் பற்றிய ஒரு சண்டை இத்தனை வருடமாகியும் ஓயவில்லை. ஒரு பக்கம், இதைப் போலக் குடும்பத்தை மதிக்கிற காதல் கதை கிடையாது என்று உருகுகிறார்கள். இன்னொரு பக்கம், இப்போது பார்த்தால் உடம்பு கூசுகிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் மனதில் பட்டதைத்தான் சொல்கிறது. இந்த வீடியோவில் அந்தச் சண்டைக்குள் போகப் போகிறோம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்தேவ் சிங், லண்டனில் கடை வைத்திருக்கிற பஞ்சாபி. இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தும் மனசு ஊரிலேயே கிடக்கிறது. படம் தொடங்கும்போது டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்று புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார். மனைவி லஜ்ஜோ. மகள்கள் சிம்ரன், சுட்கி. சிம்ரனைத் தன் நண்பரின் மகன் குல்ஜீத்துக்குக் கொடுப்பதாக, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் தோழிகளோடு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போகிற சிம்ரன், ரயிலில் ராஜைச் சந்திக்கிறாள். காதல் வருகிறது. அப்பாவுக்குத் தெரிகிறது. குடும்பத்தையே மூட்டை கட்டிப் பஞ்சாபுக்குக் கூட்டிப் போகிறார். ராஜ் பின்னாலேயே போகிறான். கல்யாண வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைந்து எல்லோர் மனதிலும் இடம் பிடிக்கிறான். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

இயக்குநர் ஆதித்யா சோப்ரா. முதல் படம். வெளியானபோது அவருக்கு வயது 24. அப்பா யஷ் சோப்ரா தயாரித்தார். இசை ஜதின்-லலித், பாடல்கள் ஆனந்த் பக்ஷி. ஷாருக் கான் அதுவரை அதிகம் பேசப்பட்டது வேறு மாதிரி வேடங்களுக்காக. 1993-இல் வந்த 'பாஸிகர்', 'டர்' இரண்டிலும் பார்க்கிறவர்களை நடுங்கவைத்தவர். அவரைக் கொண்டுவந்து, கல்யாண வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து வேலை செய்கிற ராஜாக மாற்றினார்கள். அப்பா வேடத்துக்கு அம்ரிஷ் பூரி. 'மிஸ்டர் இந்தியா'வின் வில்லன் மொகாம்போ. அந்தக் குரலையும் கண்ணையும் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு, இந்த மனிதர் கையை விடுவார் என்ற நம்பிக்கையே இருந்திருக்காது. கடைசிக் காட்சியின் பலத்தில் பாதி, அந்த வேடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது என்பேன்.

(திரையில்: மும்பை, மராத்தா மந்திர் திரையரங்கின் முகப்பு)

முதலில் உருகுகிறவர்கள் பக்கம் போவோம். மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே மராத்தா மந்திர் என்ற தியேட்டர். படம் வந்ததிலிருந்து அங்கே ஓடிக்கொண்டே இருந்தது. 2014 டிசம்பரில் 1,000 வாரம் ஆனது. 2015 பிப்ரவரியில் நிறுத்திவிட்டோம் என்று அறிவித்தார்கள், ரசிகர்கள் விடவில்லை, மறுபடி போட்டார்கள். கொரோனா ஊரடங்கில் மூடி, பிறகு திரும்ப வந்தது. டிக்கெட் விலை ரொம்பக் குறைவு. வேலை தேடி ஊரிலிருந்து வந்தவர், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இடையில் மூன்று மணி நேரத்தைக் கழிக்க வேண்டியவர், உட்கார்ந்து பேச வேறு இடமில்லாத ஜோடிகள், இதுவரை எத்தனை முறை பார்த்தோம் என்றே எண்ணாதவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். வசனத்தைக் கூடவே சொல்வார்கள். அப்பா கையை விடும்போது விசில் பறக்கும்.

இவர்களுக்கு என்ன பிடித்திருக்கிறது? ராஜ் ஓடவில்லை என்பதுதான். 1988-இல் 'கயாமத் சே கயாமத் தக்' வந்தது. இரண்டு குடும்பங்களின் பகையை மீறி ஓடிப்போன ஜோடி, கடைசியில் இரண்டு பிணமாகக் கிடந்தது. ஓடினால் சாவு, ஓடாவிட்டால் பிரிவு என்று இரண்டே வழிதான் காட்டினார்கள். டி.டி.எல்.ஜே. மூன்றாவதாக ஒன்றைக் காட்டியது: உட்கார்ந்து, காத்திருந்து, அந்த அப்பாவின் மனதை வெல்லலாம். கடுகு வயலில் சிம்ரன் "என்னைக் கூட்டிப் போய்விடு" என்று அழும்போது, உன்னைக் கடத்திப் போக வரவில்லை, உன் அப்பா கையால் தரப்பட்டு மணமகளாக அழைத்துப் போகத்தான் வந்தேன் என்கிறான். வீட்டில் காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கிற ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஏங்குவது இதற்குத்தானே. அவர்களுக்குக் காதலும் வேண்டும், அப்பாவும் வேண்டும். இரண்டும் கிடைக்கும் என்று சொன்ன படத்தை அவர்கள் எப்படி மறப்பார்கள்?

சரி, அடுத்த பக்கம்.

இப்போது முதல் தடவை பார்க்கிற இளம் பெண்களிடம் கேளுங்கள், பலருக்கு ஐரோப்பா பகுதியைத் தாண்டுவதே கஷ்டம். ரயில் பெட்டியில் தனியாக மாட்டிக்கொண்ட, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ராஜ் நடந்துகொள்கிற விதம் விளையாட்டாகத் தெரியவில்லை என்கிறார்கள். மேலே விழுந்து பேசுகிறான், வேண்டாம் என்று சொன்னதைக் காதில் வாங்குவதே இல்லை. இதைவிட மோசமாக உறுத்துவது ஸ்விட்சர்லாந்தில் அந்தக் காலைக் காட்சி. முந்தின இரவு குளிருக்காகக் காக்னாக் என்ற பிராந்தியைக் குடித்த சிம்ரன், எழுந்து பார்த்தால் என்ன நடந்தது என்றே நினைவில்லை. ஏதோ நடந்துவிட்டது போல ராஜ் நடிக்கிறான். அவள் உடைந்து அழுத பிறகுதான், சும்மா சொன்னேன், நான் இந்தியன், ஒரு இந்தியப் பெண்ணின் மானம் எனக்குத் தெரியும் என்று ஆறுதல் சொல்கிறான். அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் கைதட்டல் இருந்தது. ஆனால் அவள் அழுகிற முகத்தைக் கவனித்துப் பாருங்கள். சிம்ரனாக நடித்த கஜோல் அந்த அழுகையை நகைச்சுவையாகச் செய்யவே இல்லை, நிஜமாகப் பயந்த பெண்ணாகச் செய்திருக்கிறார். அந்தக் காட்சியை மன்னிக்க முடியாது என்று சொல்கிறவர்களோடு நான் நிற்கிறேன்.

இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. குல்ஜீத் நல்லவனாக இருந்திருந்தால்? படம் அவனை முரடனாக, கல்யாணத்துக்குப் பிறகும் லண்டனில் வேறு பெண்களோடு சுற்றலாம் என்று கணக்குப் போடுகிறவனாகக் காட்டுகிறது. வேட்டைக்குப் போகிற இடத்தில் அடிபட்ட புறாவை ராஜ் எடுத்து, மண்ணைக் குழைத்துக் காயத்தில் வைப்பான். அப்பா முதல் காட்சியில் தீனி போட்டதும் புறாக்களுக்குத்தான். யார் மாப்பிள்ளை ஆகத் தகுதியானவன் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அழகான திரைக்கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குல்ஜீத் சாதுவான, படித்த, அன்பான பையன் என்றால் சிம்ரனுக்கு மறுக்கிற உரிமை இல்லையா? படம் அந்தக் கஷ்டமான இடத்துக்குப் போகவில்லை. குல்ஜீத்தின் தங்கை ப்ரீத்தியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ராஜ் தன் மேல் ஆசை வைத்திருக்கிறான் என்று நம்பி ஏமாறுகிறவள் அவள். அவளுக்காக யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை.

(திரையில்: இருட்டிய அறை, கட்டிலின் ஓரம் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் மகளும்)

இந்த இரண்டு பக்கமும் ராஜையும் அப்பாவையும் வைத்தே பேசுகின்றன. எனக்குப் படத்தின் நடுவில் இருப்பது லஜ்ஜோ. ஃபரீதா ஜலால் நடித்த அம்மா. அந்த வருடம் டி.டி.எல்.ஜே. 10 ஃபிலிம்ஃபேர் விருதுகளை வாங்கியது, அதில் சிறந்த துணை நடிகை விருது அவருக்குத்தான்.

அவருக்கு இரண்டு காட்சிகள். முதலாவது பஞ்சாபில், ராஜ் வந்து சேர்வதற்கு முன்னால். அப்பா உத்தரவு போட்டாகிவிட்டது. இரவு மகளின் அறைக்கு அம்மா வருகிறார். சின்ன வயதில் தாத்தா, ஆணுக்கும் பெண்ணுக்கும் உரிமை ஒன்றுதான் என்று சொல்வாராம். வளர்ந்த பிறகுதான் அது பொய் என்று புரிந்ததாம். அண்ணன் தம்பிகள் படிக்க வேண்டும் என்று இவர் படிப்பை நிறுத்தினார்கள். மகளாக, தங்கையாக, மருமகளாக ஒவ்வொரு கட்டத்திலும் விட்டுக்கொடுத்தார். நீ பிறந்தபோது, என் மகளுக்கு இப்படி நடக்க விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன், ஆனால் சத்தியம் செய்கிற உரிமைகூடப் பெண்ணுக்கு இல்லை என்பதை மறந்துவிட்டேன் என்கிறார். சொல்லி முடித்துவிட்டு மகளிடம் என்ன கேட்கிறார்? அவனை மறந்துவிடு என்று. குரல் உயரவே இல்லை. தோற்றுப்போன ஒருவர் தோல்வியை மகளுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிற கொடுமை அந்த அறையில் நடக்கிறது.

இரண்டாவதும் பஞ்சாபில்தான். விருந்தாளியாக வந்திருப்பவன் மகள் காதலிக்கிற ராஜ்தான் என்று தெரிந்ததும் இதே அம்மா நகைகளை எடுத்துக்கொண்டு வந்து ராஜ் கையில் கொடுக்கிறார். இவளைக் கூட்டிக்கொண்டு போய்விடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ராஜ் வாங்கவில்லை. வாழ்க்கையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி இருக்கும், ஒன்று சரி, ஒன்று தப்பு என்று இறந்துபோன தன் அம்மா சொன்னதைச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

இந்த இடத்தை எங்கள் வீட்டில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பெரியம்மா, அக்கா மகள், நான், மூன்று பேர். பெரியம்மாவுக்கு இந்தி தெரியாது. காலேஜ் படிக்கிற அக்கா மகள் வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ராஜ் நகையைத் திருப்பிக் கொடுத்ததும் அவள் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டாள்.

"என்ன பாட்டி இது? பொண்ணு சரின்னு சொல்லியாச்சு. அம்மாவும் சரின்னு சொல்லியாச்சு. அப்புறம் இவன் யாரைக் கேக்கணும்?"

பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. "போயிடலாம்டி கண்ணு. போனப்புறம் அந்த மனுஷன் முன்னாடி நிக்கப் போறது யாரு? இவளும் அந்தச் சின்னப் பொண்ணும்தானே."

நான் இத்தனை தடவை பார்த்தும் யோசிக்காத விஷயம் அது. ராஜும் சிம்ரனும் ரயிலேறியிருந்தால் அந்த வீட்டில் மிச்சம் லஜ்ஜோவும் சுட்கியும். ஓடாமல் நின்றதில் அப்படி ஒரு நியாயமும் இருக்கிறது. அதே சமயம் அக்கா மகள் கேட்டதற்கும் பதில் கிடையாது. வீட்டில் இரண்டு பெண்கள் சரி என்று சொன்னது போதவில்லை, அங்கே இல்லாத ஒரு ஆளின் சம்மதம் வேண்டியிருந்தது. படமே அனுமதியில்தான் ஆரம்பிக்கிறது. விடியற்காலையில் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, அப்பா மனம் குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்து, கல்யாணத்துக்கு முன்னால் என் வாழ்க்கையில் ஒரே ஒரு மாதம் எனக்குக் கொடுங்கள் என்று சிம்ரன் கேட்கிறாள். அவர் கொடுக்கிறார். கடைசியில் மொத்த வாழ்க்கையையும் அவரேதான் கொடுக்கிறார். நடுவில் லஜ்ஜோ கொடுக்க வந்தது மட்டும் செல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் எனக்கு இந்தப் படம் பிடிக்கும். 189 நிமிடப் படம், எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவேன். பரீட்சையில் தோற்ற மகனைப் பார்த்துப் பெருமைப்படுகிற அனுபம் கெரின் அப்பா வேடத்துக்காக, ஸ்விட்சர்லாந்து மாட்டு மணிச் சத்தத்துக்காக, கணவனுக்காகப் பெண்கள் பகல் முழுக்கப் பட்டினி இருக்கிற கர்வா சௌத் விரதத்தன்று ராஜ் கையால் தண்ணீர் குடிப்பதற்காகச் சிம்ரன் மயங்கி விழுகிற தந்திரத்துக்காக. ஆனால் இப்போதெல்லாம் அந்த நகைக் காட்சி வந்தால் நான் ராஜைப் பார்ப்பதில்லை. திரும்பி வந்த நகையை வாங்கிக்கொள்கிற அம்மாவைப் பார்க்கிறேன்.

அன்றைக்குப் படம் முடிந்தது, அப்பா கையை விட்டார், அக்கா மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா மட்டும் அந்த நகையிலேயே நின்றார்.

"அவ பேர்ல அந்த வீட்டுல இருக்கிறது அது ஒண்ணுதான். அதையே தூக்கிக் குடுத்துட்டா. அவன் வேணாம்னு சொன்னப்புறம், யாரும் பாக்காம அதை மறுபடி எங்க கொண்டு போய் வச்சிருப்பா?"