உலகமே வீட்டுக்குள் முடங்கிய ஆண்டில் கரியமில வாயு குறைந்ததா?

[காட்சி: ஆளில்லாத நெடுஞ்சாலை. பின்னணியில் பறவைகளின் ஒலி மட்டும்.]

2020 ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். விமானம் இல்லை, பஸ் இல்லை, ஆலைச் சங்கு இல்லை. பஞ்சாபில் ஜலந்தர் நகரத்து மொட்டை மாடியிலிருந்து பனிமலை தெரிகிறது என்று ஆளுக்கு ஆள் படம் அனுப்பிக்கொண்டிருந்தோம். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து உலகம் வெளிவிட்ட கரியமில வாயு, அந்த ஆண்டில் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது.

இப்போது ஒரு கேள்வி. காற்றில் ஏற்கெனவே இருக்கிற கரியமில வாயுவின் அளவு அந்த ஆண்டு என்ன ஆனது? குறைந்ததா, அப்படியே நின்றதா, ஏறியதா? வீடியோவைச் சற்று நிறுத்துங்கள். உங்கள் விடையைக் கருத்துப் பெட்டியில் எழுதிவிட்டு வாருங்கள். தேடிப் பார்க்காமல் எழுத வேண்டும்.

[காட்சி: ஐந்து விநாடி அமைதி.]

வணக்கம் நண்பர்களே. விடையை இப்போது சொல்லப்போவதில்லை. இதே வகைக் கேள்வியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், உலகமே அண்ணாந்து பார்க்கும் எம்.ஐ.டி.யில், முதுநிலை மாணவர்களிடம் கேட்டார்கள். கேட்டவர்கள் ஜான் ஸ்டெர்மன், லிண்டா பூத் ஸ்வீனி என்ற இரு ஆய்வாளர்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. காற்றில் கரியமில வாயுவின் மட்டம் ஒரு நிலையில் நிற்க வேண்டுமானால் நாம் வெளிவிடும் அளவு எப்படிப் போக வேண்டும் என்று கோடு வரையச் சொன்னார்கள். கணிதமே தேவையில்லை, பென்சில் இருந்தால் போதும். பொறியியலும் பொருளாதாரமும் படித்த அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தவறாக வரைந்தார்கள்.

அந்தத் தவறைத் திருத்துவதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் டீச்-இன்: ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றுகூடி ஒரே பிரச்சினையைப் பேசி, கேட்டு, விவாதிக்கும் திறந்த கூட்டம். வழக்கமான வகுப்பு இல்லை, கருத்தரங்கம் இல்லை, மறியலும் இல்லை. அது பிறந்த இரவின் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

[காட்சி: மிச்சிகன் மாநிலத்தின் வரைபடம். ஆன் ஆர்பர் நகரத்தில் ஒரு புள்ளி.]

1965 மார்ச் 24. வியட்நாம் போர் சூடுபிடித்த நேரம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் ஒருநாள் வகுப்புகளைப் புறக்கணிக்கப்போவதாக அறிவித்தார்கள். மாநில ஆளுநர் கண்டித்தார், சட்டமன்றம் கண்டித்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாமல் இருப்பதா என்று கேட்டார்கள். அப்போது மார்ஷல் சாலின்ஸ் என்ற மானிடவியலாளர் ஒரு யோசனை சொன்னார்: பாடம் நடத்தவில்லை என்றுதானே குறை? அப்படியானால் விடிய விடிய நடத்துவோம்!

இரவு எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 3,000 பேர் வந்தார்கள். அந்தக் காலத்தில் மாணவியர் விடுதிக்கு இரவில் கட்டாயம் திரும்ப வேண்டும். அந்த ஓர் இரவுக்கு மட்டும் சிறப்பு அனுமதி கொடுத்தார்கள். வெடிகுண்டு மிரட்டல் வந்தது. எல்லோரும் வெளியே போனார்கள், உறைய வைக்கும் குளிரில் திறந்தவெளியில் நின்று பேச்சைத் தொடர்ந்தார்கள். பிறகு உள்ளே வந்து, காலை எட்டு மணிவரை கேள்வியும் பதிலுமாக ஓட்டினார்கள். விடிந்தபோதும் நூற்றுக்கணக்கானோர் இருக்கையை விட்டு எழவில்லை. மதிப்பெண் இல்லாத, வருகைப்பதிவு இல்லாத ஒரு வகுப்பு! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது.

இதில் இன்னொரு பொருத்தம். அதே 1965 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சனுக்கு அவருடைய அறிவியல் ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. காற்றில் சேரும் கரியமில வாயுவைப் பற்றி அதில் ஒரு தனிப் பகுதியே இருந்தது. மருந்தும் நோய்க்குறிப்பும் ஒரே ஆண்டில் வந்துவிட்டன. இரண்டும் சந்திக்கத்தான் நெடுங்காலம் ஆனது.

1970 மார்ச்சில் அதே ஆன் ஆர்பரில் சுற்றுச்சூழலுக்காக ஒரு டீச்-இன் நடந்தது. தொடக்கக் கூட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 14,000 பேர். மாணவர்கள் ஒரு காரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, காற்றைக் கெடுத்த குற்றத்துக்காக விசாரித்து, சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த மாதம் 22-ஆம் தேதி, செனட்டர் கேலார்டு நெல்சன் அழைப்பு விடுத்த முதல் புவி நாள். 2 கோடி அமெரிக்கர்கள் கலந்துகொண்டதாகக் கணக்கு. அதுவும் முதலில் நாடு தழுவிய டீச்-இன் என்றுதான் திட்டமிடப்பட்டது.

காலநிலைக்கென்றே நாடு முழுவதும் நடந்தது 2008 ஜனவரி 31-இல். ஈபன் குட்ஸ்டீன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் முன்னின்று நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. 2022 மார்ச் 30-இல் நியூயார்க் மாநிலத்தின் பார்டு கல்லூரியிலிருந்து உலகத்துக்கே அழைப்புப் போனது. எந்தப் பாடம் நடத்துபவரானாலும் அன்று சிறிது நேரம் காலநிலைக்கு ஒதுக்குங்கள் என்றார்கள்.

சரி, அப்படி ஒரு நாளில் என்ன கற்றுக்கொடுப்பார்கள்? வெப்பத்தைக் கரியமில வாயு பிடித்து வைக்கும் என்பதை 1859-இலேயே ஜான் டிண்டால் ஆய்வகத்தில் காட்டிவிட்டார். அதற்குள் நாம் போக வேண்டாம். ஸ்டெர்மன் பயன்படுத்தும் குளியல் தொட்டி உவமைதான் எனக்குப் பிடித்தது. நம் வீட்டில் தொட்டி ஏது? வாளி இருக்கிறதே.

[காட்சி: குளியலறை. குழாயின் கீழே நீல நிற பிளாஸ்டிக் வாளி. அதன் அடியில் ஆணியைச் சுட்டுப் போட்ட ஓட்டைகள்.]

இதோ பாருங்கள். குழாயைத் திறக்கிறேன். நிமிடத்துக்குப் பத்துக் குவளைத் தண்ணீர் விழுவதாக வைத்துக்கொள்வோம். அடியில் உள்ள ஓட்டைகள் வழியே ஐந்து குவளை வெளியேறுகிறது. மட்டம் ஏறுகிறது. வாளியில் நிற்கும் தண்ணீர் என்பது காற்றில் இருக்கும் கரியமில வாயு. குழாய் என்பது நாம். எரிபொருளும் காடழிப்பும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டன் கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறோம். ஓட்டைகள் என்பவை கடலும் காடும் மண்ணும். நாம் விடுவதில் ஏறக்குறைய பாதியை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. யாரும் கூலி கொடுக்காமல் அவை செய்கிற வேலை இது.

இப்போது குழாயைச் சற்றே திருகி மூடுகிறேன். ஒன்பதரைக் குவளை. அதுதான் 2020. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்து, கோடிக்கணக்கானோர் பிழைப்பை இழந்து நாம் செய்த குறைப்பு, அரைக் குவளை. வாளியின் மட்டம் என்ன ஆகிறது?

[காட்சி: வாளிக்கு மிக அருகில் கேமரா. உள்பக்கம் பென்சிலால் போட்ட கோடு மெல்ல நீரில் மூழ்குகிறது.]

ஏறுகிறது! ஏறத்தான் செய்யும். விழுவது ஒன்பதரை, வெளியேறுவது ஐந்து. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் கரியமில வாயு 2019-இல் சராசரியாக 411-ஐத் தாண்டியிருந்தது. 2020-இல் 414. அளக்கத் தொடங்கிய காலத்தில் அது 315 அளவில் இருந்தது. 2024-இல் 424. குறைந்தது என்று எழுதியவர்களே, வருத்தப்படாதீர்கள். எம்.ஐ.டி. மாணவர்கள் உங்கள் பக்கம்தான்.

தவறு எங்கே வருகிறது தெரியுமா? குழாய் குறைந்தால் மட்டமும் குறையும் என்று மனம் தானாக முடிவு கட்டுகிறது. குழாய் வேறு, மட்டம் வேறு. வெளியேற்றத்தை இத்தனை சதவீதம் குறைப்போம் என்று ஒரு நாட்டின் தலைவர் அறிவித்தால், அவர் குழாயைப் பற்றிப் பேசுகிறார். வெயிலில் உழைப்பவரின் தலையில் இறங்குவது மட்டத்தின் விளைவு. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் செய்தித்தாளையே வேறு கண்ணால் படிப்பீர்கள்.

குழாயை ஐந்து குவளைக்குக் கொண்டுவந்தால் போதுமா? மட்டம் அப்போதைக்கு நிற்கும். ஆனால் கடல் ஒரு பெரிய அண்டா, மெதுவாகத்தான் சூடேறும். மட்டம் நின்ற பிறகும் வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். சூடேறிய கடல் உறிஞ்சுவதும் குறையும், அதாவது ஓட்டைகள் அடைபடும். அதனால்தான் நிகர சுழியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; அதாவது, நாம் வெளிவிடும் அளவும் நாமே காற்றிலிருந்து திரும்ப எடுக்கும் அளவும் சமமாக வேண்டும். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2018-இல் சொன்னது இது: வெப்ப உயர்வு 1.5 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டுமானால், கரியமில வாயுவின் நிகர வெளியேற்றம் 2050-ஐ ஒட்டிச் சுழியத்துக்கு வர வேண்டும்.

தீர்வுப் பக்கத்துக்கு என்-ரோட்ஸ் என்ற கணினி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு தீர்வையும் கூட்டியோ குறைத்தோ நகர்த்தினால் வெப்ப உயர்வு எப்படி மாறும் என்று அது கோடாகக் காட்டும். எம்.ஐ.டி.யும் கிளைமேட் இன்டராக்டிவ் அமைப்பும் சேர்ந்து உருவாக்கியது, இலவசம். மரம் நடுதலை மட்டும் உச்சத்துக்கு நகர்த்திப் பாருங்கள். வெப்பக் கோடு எவ்வளவு குறைவாக அசைகிறது என்பது உங்களைத் திடுக்கிட வைக்கும். மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலக்கரியை அப்படியே விட்டுவிட்டு மரக்கன்றோடு படம் எடுத்துக்கொள்வது போதாது என்கிறேன்.

இதைப் பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயற்பியல் துறையிடம் மட்டும் இதை விட்டுவிடாதீர்கள். வணிகவியலில் வரவு செலவும் கையிருப்பும் நடத்துகிறீர்களே, வாளி அதேதான். தமிழ்த் துறையில் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று நடத்தும்போது, பொழுது மாறினால் திணை என்னவாகும் என்று கேளுங்கள். பேச்சுக்கு அரை மணி, கேள்விக்கு இரண்டு மணி ஒதுக்குங்கள். ஆன் ஆர்பரில் விடியும்வரை கூட்டம் கலையாததற்குக் காரணம் அந்தக் கேள்வி நேரம்தான் என்று நான் நம்புகிறேன்.

[காட்சி: வெற்றுத்தாள், பென்சில்.]

மாணவர்களுக்கு ஒரு வேலை. பத்துப் பேரிடம் வெற்றுத்தாள் கொடுங்கள். மட்டம் ஏறாமல் நிற்கக் குழாய்க் கோடும் ஓட்டைக் கோடும் எப்படிப் போக வேண்டும் என்று வரையச் சொல்லுங்கள். இரண்டு கோடும் சேர வேண்டும் என்று எத்தனை பேர் வரைந்தார்கள்? அந்த எண்ணிக்கையையும் ஊரின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த வீடியோவை அந்த எண்களிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.