முகவரியில் எழுதக் கூசாத பெயர்

அனைவருக்கும் வணக்கம். தர்மபுரியில் நின்றுகொண்டு முதுமையைப் பற்றிப் பேசுகிறவன் ஔவையை விட்டுவிட்டுப் பேச முடியாது. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி கையில் இருந்தும், தான் தின்னாமல் அவளுக்குக் கொடுத்தான் நம் தகடூர் அதியமான். தன்னைவிட அவள் இருக்க வேண்டியவள் என்று நினைத்தான்.

சரி, இன்றைய முதியோர் இல்லங்களின் வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப் பலகைகளுக்கு வருகிறேன். பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவரை ஓர் இல்லத்தில் பார்த்தேன். இல்லத்தின் பெயர் வேண்டாம். அன்று யார் வீட்டுக் குழந்தைக்கோ பிறந்தநாள், மதியச் சாப்பாடு அவர்கள் உபயம். இலை போடுவதற்கு முன் எல்லோரையும் வாசல் பலகைக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பலகையில் 'ஆதரவற்றோர்' என்ற சொல்தான் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "எனக்கு மூணு புள்ளைங்க கண்ணு. அந்தப் போட்டோவ ஊருல பாத்தா எம் புள்ளைங்களத்தானே பேசுவாங்க?" ஊரிலிருந்து போன் வந்தால், 'ஆஸ்டல்ல இருக்கேன்' என்பாராம்.

நேராகச் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வதை நம் இலக்கணம் தகுதி வழக்கு என்கிறது. அது மூன்று வகை, அதில் ஒன்று மங்கலம். செத்தார் என்னாமல் இயற்கை எய்தினார் என்கிறோம். சுடுகாட்டை நன்காடு என்றார்கள். கேட்பவர் மனம் நோகக் கூடாதே என்று பிறந்த வழக்கு. அந்த அம்மாவின் 'ஆஸ்டல்' அந்த வகைதான். ஆனால் "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்று பிள்ளைகள் கூட்டிவந்து இல்லத்தில் விட்டுப் போகிறார்களே, அதை மங்கலத்தில் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. அது ஏமாற்று.

சொல்லை மாற்ற முடியாதா? ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளிகள் என்று 2010-ல் நம் மாநில அரசு மாற்றவில்லையா? 60 வயதானவரை மூத்த குடிமகன் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். பிழைக்க வழியில்லாத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்துப் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சட்டப்படி ஆதரவு கேட்க உரிமை உள்ளவருக்கு ஆதரவற்றோர் என்று எப்படிப் பலகை எழுதுகிறோம்?

இல்லம் நடத்துகிற நல்ல மனசுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பலகை எழுதும் முன் உள்ளே இருப்பவர்களைக் கேளுங்கள். வாசலில் வேப்பமரம் இருந்தால் வேப்பமரத்து வீடு என்றே வையுங்களேன். அந்த அம்மாவின் ஆதார் அட்டையில் இன்னும் பழைய ஊர் முகவரிதான் இருக்கிறது. மாற்றித் தருகிறோம் என்று எத்தனை முறை சொன்னாலும் வேண்டாம் என்கிறார்.