அப்பா அம்மாவோட மோசல் ஆத்தங்கரை கிராமத்துக்குப் போறீங்களா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, ஒரு சந்தேகத்துக்கு வருவோம். ஜெர்மனியில ஃப்ராங்க்ஃபர்ட்ல வேலை பார்க்கற ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. "ஜூன் மாசம் ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. மோசல் ஆத்தங்கரையில இருக்கற பைல்ஷ்டைன் கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு ஆசை. ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா, இல்ல தங்கணுமா? எங்ககிட்ட கார் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ரெண்டு பேரும் சுத்த சைவம்."

தங்குங்க. முடிஞ்சா ரெண்டு ராத்திரி. ஏன்னா பைல்ஷ்டைன் ரொம்ப ரொம்பச் சின்ன ஊர். மொத்த ஜனத்தொகை 150 பேர்கூட வராது. ஊரை மட்டும் பார்க்கணும்னா ஒரு மணி நேரம் போதும். ஆனா அந்த ஒரு மணி நேரத்தை மத்தியானத்துல வச்சீங்கன்னா, கப்பல்லயும் டூரிஸ்ட் பஸ்லயும் வந்து இறங்கற கூட்டத்தோட முதுகைத்தான் பார்த்துட்டு வருவீங்க. சாயங்காலம் அந்தக் கூட்டம் கிளம்பின பிறகு போய் நில்லுங்க, அது வேற ஊர். ஜூன்ல ராத்திரி 9:30 வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால அவசரமே இல்ல.

ஒரு எச்சரிக்கை. பைல்ஷ்டைன்னு மேப்ல போட்டா ஹைல்ப்ரோன் பக்கத்துல இருக்கற இன்னொரு ஊரும் வரும். ரூம் புக் பண்றப்ப 'மோசல்'னு சேர்த்துப் போட்டுத் தேடுங்க.

இப்ப எப்படிப் போறது. பைல்ஷ்டைனுக்கு ரயில் கிடையாது. பக்கத்துல இருக்கற கோகெம் ஊர் வரைக்கும் ரயில், அங்க இருந்து பஸ் இல்லன்னா கப்பல். ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து மைன்ஸ், கோப்லென்ஸ் வழியா கோகெம் போகணும். மைன்ஸ்ல இருந்து கோப்லென்ஸ் போற வண்டி ரைன் நதியை ஒட்டியே போகும். வலது பக்கம் ஜன்னல் சீட் பிடிச்சு உட்கார வைங்க. ஆத்து நடுவுல நிக்கற ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் கோட்டை, லோரலை பாறை எல்லாம் வரிசையா வரும். ரைன் க்ரூஸ்னு தனியா காசு கட்டணும்னு அவசியமே இல்ல, இது என் அபிப்பிராயம். டிக்கெட்டுக்கு, மைன்ஸ்ல இருந்து ரைன்லாண்ட்-ஃபால்ஸ் டே டிக்கெட் எடுத்தீங்கன்னா ஒரே டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் போகலாம், பஸ்ஸுக்கும் அதுவே செல்லும். வார நாள்ல காலையில 9 மணிக்கு மேலதான் செல்லும், அதிவேக ரயில்ல செல்லாது. இது ரெண்டையும் மறந்துடாதீங்க.

கோகெம்ல இறங்கினதும் நேரா பஸ் ஸ்டாப்புக்கு ஓடாதீங்க. பைல்ஷ்டைனுக்குப் போகும்போது கப்பல்ல போங்க. ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். நடுவுல ஃபாங்கெல்ங்கற இடத்துல தடுப்பணை இருக்கு. கப்பல் ஒரு தொட்டி மாதிரி இடத்துக்குள்ள போய் நிக்கும், கதவு சாத்துவாங்க, தண்ணி மெல்ல ஏறும், கப்பலும் கூடவே ஏறும், அப்புறம் முன்பக்கக் கதவு திறக்கும். அப்பா இன்ஜினியரிங் ஆர்வம் உள்ளவரா இருந்தா கோட்டையை விட இதைத்தான் ஊர்ல போய்ப் பேசுவார். மோசல் முழுக்க இப்படி வரிசையா அணைகள் இருக்கு. 1956ல ஃப்ரான்ஸ், ஜெர்மனி, லக்ஸம்பர்க் மூணு நாடும் ஒப்பந்தம் போட்டு, 1964ல பெரிய சரக்குக் கப்பல் போற மாதிரி ஆத்தைத் திறந்தாங்க. அதனாலதான் தண்ணி அவ்வளவு அமைதியா, ஏரி மாதிரி தெரியும்.

முழங்கால் விஷயம் முக்கியம், அதனால விவரமா சொல்றேன். பைல்ஷ்டைன் தெருவெல்லாம் கல் பாவின தெரு, மேடு பள்ளம். மேல இருக்கற கார்மெல் மடத்துக் கோயிலுக்கு (கிறிஸ்தவத் துறவிகளோட மடம்) 108 படி. ஆமாங்க, நம்மளுக்குப் பழக்கமான அதே 108. உள்ள ஸ்பெயின்ல இருந்து வந்த கறுப்பு மாதா சிலை இருக்கு, பார்க்க வேண்டியதுதான். அதுக்கும் மேல மெட்டர்னிக் கோட்டை, இடிஞ்ச கோட்டை. ஆஸ்திரியாவுல சான்சலரா இருந்தாரே மெட்டர்னிக், அவங்க குடும்பத்துக்குச் சொந்தமா இருந்த ஊர் இது. அம்மாவால ஏற முடியலன்னா கட்டாயப்படுத்தாதீங்க. எதிர்க்கரை எலென்ஸுக்குப் படகு போகும், அந்தப் பக்கம் பெஞ்சுல உட்கார்ந்தாலே ஊர், கோயில், கோட்டை, திராட்சைத் தோட்டம் மொத்தமும் ஒரே பார்வையில தெரியும். உண்மையைச் சொன்னா நல்ல போட்டோ அங்கதான் வரும்.

கோட்டைன்னதும் ஞாபகம் வருது. எல்லாக் கோட்டையும் ஒண்ணுதானேன்னு நிறைய பேர் கேட்பாங்க. இங்க அப்படி இல்ல. 1689ல ஃப்ரான்ஸ் ராஜா 14ஆம் லூயியோட படை இந்தப் பள்ளத்தாக்குல கோட்டை கோட்டையா தகர்த்துட்டுப் போச்சு. பைல்ஷ்டைன் கோட்டை அதுல இடிஞ்சு அப்படியே நின்னுடுச்சு. கோகெம் கோட்டையும் இடிஞ்சதுதான், ஆனா பெர்லின் வியாபாரி ரவெனேங்கறவர் 1868ல அதை வாங்கி, 1877ல திரும்பக் கட்டி முடிச்சார். அதனால கோகெம்ல நீங்க பார்க்கறதுல பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு ஆளுங்களோட ரசனை. ஏல்ட்ஸ் கோட்டை மட்டும் தப்பிச்சுது. அந்தக் குடும்பத்துல ஒருத்தர் ஃப்ரெஞ்சுப் படையிலயே அதிகாரியா இருந்தார், அவர் தடுத்துட்டார். இன்னிக்கும் அதே குடும்பத்துக்கிட்டதான் இருக்கு, 850 வருஷத்துக்கு மேல. யூரோ வர்றதுக்கு முன்னாடி இருந்த பழைய 500 மார்க் நோட்டுல இருந்தது இந்தக் கோட்டைதான்.

ஒண்ணுதான் பார்க்க நேரம்னா ஏல்ட்ஸ் பாருங்க. கோகெமுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவுல இருக்கற மோசல்கெர்ன் ஸ்டேஷன்ல இருந்து காட்டு வழியா நடக்கற பாதை ரொம்ப அழகு, ஆனா ஒண்ணரை மணி நேரம் ஆகும், அம்மாவுக்கு வேண்டாம். மேல கார் பார்க்கிங்ல இருந்து கோட்டைக்கு மினி பஸ் விடறாங்க. அந்தப் பார்க்கிங் வரைக்கும் டாக்ஸி பேசிக்கோங்க. உள்ள போட்டோ எடுக்க விடமாட்டாங்க, குளிர்காலத்துல மூடியிருக்கும்.

மோசல் கரையிலயே ப்ரெம்ங்கற ஊர் பக்கம் ஆறு குதிரை லாடம் மாதிரி வளையற இடமும் இருக்கு. கால்மோண்ட் மலை, 65 டிகிரி வரைக்கும் சரிவு, ஐரோப்பாவுலயே ரொம்பச் செங்குத்தான திராட்சைத் தோட்டம். நீங்க மட்டும் ஏறிட்டு வாங்க, பெரியவங்க கீழ ஆத்தங்கரையில இருக்கட்டும்.

சாப்பாடு. ஃப்ளாம்குகன் மெனுவுல பார்ப்பீங்க, மெல்லிசா பீட்ஸா மாதிரி இருக்கும். சாதாரணமா அதுல பன்றிக்கறி போடுவாங்க, கேட்டா சைவமா செஞ்சு தருவாங்க. கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட நூடுல்ஸ் மாதிரி), ஆப்பிள் சாஸோட உருளைக்கிழங்கு அடை, இதுவும் கிடைக்கும், ஆனா ரெண்டுலயும் வழக்கமா முட்டை சேர்ப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. ஆனா மூணு வேளையும் சீஸ் சாப்பிட நம்ம அப்பாக்களால முடியாது. அதனால ஹோட்டல் ரூமை விட சமையலறை இருக்கற ஃபெரியன்வோனுங் (விடுமுறைக்கு வாடகைக்கு விடற வீடு) எடுங்க. அரிசி, பருப்பு, ஒரு சின்ன குக்கர் கையோட கொண்டு போங்க. பால், தயிர், காய்கறி எல்லாம் கோகெம்லயே வாங்கிட்டுப் போயிடுங்க. ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் திறக்காது, அது உங்களுக்கே தெரியும். கையில கொஞ்சம் ரொக்கம் வச்சுக்கோங்க, சின்ன ஊர்ல எல்லா இடத்துலயும் கார்டு எடுக்கமாட்டாங்க.

இன்னொருத்தர் இதையே டிசம்பர்ல போகலாமான்னு கேட்டிருக்கார். வேண்டாங்க. ஈஸ்டர்ல இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும்தான் அங்க சீசன், அப்புறம் பாதிக் கதவு சாத்தியிருக்கும், கப்பலும் இருக்காது. டிசம்பர்ல போறதா இருந்தா கோகெம்லயோ கோப்லென்ஸ்லயோ தங்கிக்கோங்க.