மனப்பாடமாகப் பிழைத்த கடிதம்: நிகோலாய் புகாரினின் கதை

[திரையில்: கிரெம்ளின் மதில், பனி. இசை வேண்டாம்.]

1937 பிப்ரவரி. கிரெம்ளின் வளாகத்துக்குள் ஒரு வீடு. 48 வயதுக்காரர் ஒருவர், 23 வயதான தன் மனைவிக்கு ஒரு கடிதத்தை மிகத் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டுகிறார். பிறகு அதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார். எங்காவது பிசகிவிடுமோ என்ற பயத்தில் மறுபடி வாசிக்கிறார், மறுபடி சொல்லச் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்போமே, அந்த மாதிரி. முழுதாக மனப்பாடம் ஆனதும் காகிதத்தை அழித்துவிடுகிறார். சோதனைக்கு வருபவர்கள் மெத்தையைக் கிழிக்கலாம், தரையைப் பெயர்க்கலாம். நெஞ்சுக்குள் கைவிட முடியாது அல்லவா?

அவர் நிகோலாய் புகாரின், 1917 ரஷ்யப் புரட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். மனைவி அன்னா லாரினா. அந்த வீடு முன்பு ஸ்டாலின் குடியிருந்தது. 1932இல் ஸ்டாலினின் மனைவி தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல், வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று ஸ்டாலின்தான் புகாரினிடம் கேட்டார். அந்த அளவுக்குப் பழக்கம்.

[திரையில்: இளவயதுப் படம். பட்டாம்பூச்சிகள்.]

புகாரின் 1888இல் மாஸ்கோவில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பள்ளி ஆசிரியர்கள். பையனுக்குப் பறவை, பட்டாம்பூச்சி என்றால் உயிர். நன்றாகப் படமும் வரைவான். 1906இல் லெனினின் போல்ஷெவிக் கட்சியில் (பின்னாளைய கம்யூனிஸ்ட் கட்சி) சேர்ந்தார். கைது, வடக்கே நாடு கடத்தல், 1911இல் அங்கிருந்து தப்பி வெளிநாடு. வியன்னா, சுவிட்சர்லாந்து, சுவீடன் என்று சுற்றி, கடைசியில் நியூயார்க். அங்கே இன்னொரு புரட்சித் தலைவரான டிராட்ஸ்கியோடு சேர்ந்து ஒரு ரஷ்யப் பத்திரிகை. 1917இல் புரட்சி வெடித்ததும் ஜப்பான் வழியாக ஊர் திரும்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சி நாளேடான பிராவ்தாவின் ஆசிரியர்.

லெனின் 1922 டிசம்பரில் நோய்ப்படுக்கையில் இருந்தபடி சொல்லி எழுதவைத்த குறிப்புகளில் புகாரினும் வருகிறார். கட்சி முழுவதற்கும் செல்லப்பிள்ளை, மதிப்புமிக்க கோட்பாட்டாளர் என்று பாராட்டுகிறார். கூடவே ஒரு குட்டு: இவருடைய கருத்துகளை முழு மார்க்சியம் என்று ஏற்பதற்குத் தயக்கமாக இருக்கிறதாம். இந்தப் பாராட்டு, குட்டு இரண்டையும் புகாரின் சாகும்வரை சுமந்தார்.

சரி, ஸ்டாலினோடு எங்கே முறிந்தது? விவசாயிகள் விஷயத்தில்.

உள்நாட்டுப் போர் முடிந்தபோது நாடு பட்டினியில் கிடந்தது. 1921இல் லெனின் புதிய பொருளாதாரக் கொள்கையைக் கொண்டுவந்தார். விவசாயி வரியைக் கட்டிவிட்டு மீதித் தானியத்தைச் சந்தையில் விற்கலாம். லெனினுக்குப் பின் இந்தக் கொள்கையின் பெரிய வழக்கறிஞர் புகாரின். 1925இல் விவசாயிகளைப் பார்த்து "பணக்காரர் ஆகுங்கள்" என்றே பேசினார். ஒரு கம்யூனிஸ்ட் வாயிலிருந்து! கட்சித் தலைமையில் போட்டியாக இருந்த டிராட்ஸ்கி, ஜினோவியேவ், காமனேவ் எல்லோரையும் ஓரங்கட்ட அன்று ஸ்டாலினுக்குத் தோள் கொடுத்ததும் இதே புகாரின்தான். இதை விட்டுவிட்டு அவரை வெறும் பலியாடாக மட்டும் காட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

1928 தொடக்கத்தில் அரசுக் கொள்முதலுக்குத் தானியம் போதவில்லை. ஸ்டாலின் தானே சைபீரியாவுக்குப் போய்க் கெடுபிடி செய்து தானியத்தைப் பிடுங்கவைத்தார். புகாரினுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜூலையில் ரகசியமாகக் காமனேவைப் பார்த்து, ஸ்டாலின் ஒரு செங்கிஸ்கான் என்று கொட்டித் தீர்த்தார். ஆனால் காமனேவ் ஏற்கெனவே வீழ்த்தப்பட்டவர், வீழ்த்தியதில் புகாரினுக்கும் பங்கு. அந்தப் பேச்சு வெளியே கசிந்தது. 1929 நவம்பரில் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து புகாரின் வெளியே. பிறகு வந்த கட்டாயக் கூட்டுப்பண்ணைகளையும், 1932-33 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டதையும் ஓரத்தில் நின்றுதான் பார்க்க முடிந்தது.

[திரையில்: இஸ்வெஸ்தியா நாளேட்டின் முகப்பு.]

1934இல் கொஞ்சம் வெளிச்சம். அரசு நாளேடான இஸ்வெஸ்தியாவின் ஆசிரியர் பதவி கிடைத்தது. புதிய அரசியல் சட்டத்தை எழுதும் ஆணையத்திலும் இடம். பேச்சுரிமை, தனிமனிதப் பாதுகாப்பு எல்லாம் எழுத்தில் இருந்த அந்தச் சட்டம் 1936 டிசம்பரில் நிறைவேறியது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, சட்டம் எழுதியவர் சிறையில்.

அதற்கு முன்பே தப்பியிருக்கலாம். 1936 வசந்தத்தில் மார்க்ஸின் கையெழுத்துப் பிரதிகளை விலைக்கு வாங்கக் கட்சி அவரைப் பாரிஸுக்கு அனுப்பியிருந்தது. கர்ப்பிணியான அன்னாவும் அங்கே வந்து சேர்ந்தார். இருவருமே திரும்பினார்கள்.

அந்த ஆகஸ்டில் ஜினோவியேவும் காமனேவும் சதி வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சுடப்பட்டார்கள். புகாரின் பாதுகாப்புத் துறைத் தலைவர் வொரோஷிலோவுக்கு எழுதிய கடிதத்தில் "நாய்களைச் சுட்டதில் பயங்கர மகிழ்ச்சி" என்று ஒரு வரி வருகிறது. பயத்தில் எழுதியதா, பாதி நம்பியே எழுதியதா? எனக்கு இரண்டும் சேர்ந்த மாதிரிதான் படுகிறது. எப்படியோ, அந்த வரி அவரைக் காப்பாற்றவில்லை. 1937 பிப்ரவரி 27, மத்தியக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கைது.

மாஸ்கோவில் ரகசியப் போலீஸின் லுபியங்கா சிறையில் ஓராண்டு. பகலில் விசாரணை என்றால் இரவில் எழுத்து. நான்கு நூல்கள்: தத்துவம், பண்பாடு, கவிதை, கடைசியாகத் தன் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் ஒரு நாவல். மரணம் வாசலில் நிற்கும்போது மனிதர் பட்டாம்பூச்சிகளுக்குத் திரும்பிவிட்டார். நாவல் முடியவில்லை. கையெழுத்துப் பிரதிகள் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகுதான் வெளியே வந்தன.

[திரையில்: தொழிற்சங்க மாளிகையின் அரங்கம்.]

1938 மார்ச் 2. அரசுக்கு எதிரான சதி என்று வழக்கு. கூண்டில் 21 பேர். ஜினோவியேவ் வழக்கைத் தயாரித்த ரகசியப் போலீஸின் பழைய தலைவர் யகோதாவும் அவர்களில் ஒருவர்! அரசு வழக்கறிஞர் விஷின்ஸ்கி. புகாரின் ஒரு வினோதமான வேலை செய்தார். எனக்குத் தெரிந்தோ தெரியாமலோ நடந்த எல்லாக் குற்றங்களுக்கும் பொறுப்பேற்கிறேன் என்றார். தனித்தனியாகக் கேட்டால், லெனினைக் கொல்லச் சதி செய்தீரா? இல்லை. உளவு பார்த்தீரா? இல்லை. வழக்கே வாக்குமூலங்களில்தான் நிற்கிறது. அவரோ, குற்றவாளியின் வாக்குமூலத்தை நம்புவது இடைக்கால நீதிமுறை என்று அந்த மன்றத்திலேயே சொன்னார். ஒத்துக்கொண்டபடியே வழக்கின் அடிக்கல்லை உருவினார்.

18 பேருக்கு மரண தண்டனை. மார்ச் 15 அன்று சுட்டார்கள்.

அன்னாவுக்குச் சிறை, முகாம், நாடு கடத்தல் என்று ஏறக்குறைய 20 ஆண்டுகள். அவர் கைதானபோது மகன் யூரிக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. வேறு குடும்பப் பெயரோடு அனாதை விடுதியில் வளர்ந்தவன். 1956இல், 20 வயதில் அம்மாவைப் பார்த்தபோதுதான் அப்பா யார் என்று தெரிந்தது. அந்த ஆண்டுகள் முழுக்க அன்னா அந்தக் கடிதத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்தார்.

[திரையில்: கிரெம்ளின் தோட்டம்.]

ஒரு சின்ன விஷயம். புகாரின் விலங்குகள் வளர்ப்பார். அவர் வளர்த்த நரி ஒன்று, அவர் போய் வெகுநாள் கழித்தும் கிரெம்ளின் தோட்டத்தில் ஓடித் திரிந்ததாக ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா எழுதுகிறார்.

கடிதத்துக்கு வருவோம். அது யாருக்கு எழுதப்பட்டது தெரியுமா? மனைவிக்கோ மகனுக்கோ அல்ல. "வருங்காலக் கட்சித் தலைவர்களின் தலைமுறைக்கு". நீங்கள் ஏந்தும் கொடியில் என் இரத்தத் துளியும் உண்டு என்கிறது அது.

1988 பிப்ரவரியில் சோவியத் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டில், சுடப்பட்டு 50 வருடம் கழித்து, கட்சி அவருடைய உறுப்பினர் உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கட்சிக்கு அப்போது மூன்றே வருட ஆயுள் மிச்சம் இருந்தது.